விசையின் கதை – 6: சரிவில் உருண்ட வெண்கலக் குண்டு

ஏழு மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல்லை விட்டால், தரையைத் தொட ஒன்றேகால் நொடிகூட ஆகாது. அதற்குள் அந்தக் கல்லின் வேகம் எந்தக் கணக்கில் ஏறுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கையில் நொடி காட்டும் கடிகாரம் இல்லை. ஊசல் கடிகாரம் வரவே இன்னும் 52 ஆண்டுகள் இருக்கின்றன.

1604இல் கலீலியோ மாட்டிக்கொண்டிருந்த சிக்கல் இதுதான்.

பைசாவை விட்டுக் கிளம்பியவரைச் சென்ற வாரம் பார்த்தோம். 1592 முதல் அவர் பதுவா பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். வயது நாற்பதாகிவிட்டது. சம்பளம் போதாமல் மாணவர்களை வீட்டிலேயே தங்கவைத்துப் பாடம் சொல்கிறார். அதே வீட்டில் ஒரு பட்டறையும் உண்டு. மாட்ஸோலெனி என்ற கைவினைஞர் அங்கே கணிதக் கருவிகள் செய்துகொண்டிருக்கிறார். நம் கதைக்குப் பல்கலைக்கழகத்தைவிட இந்தப் பட்டறைதான் முக்கியம்.

விழுகிற பொருளின் வேகம் போகப்போகக் கூடும் என்பது அரிஸ்டாட்டில் காலத்திலேயே தெரிந்த சங்கதி. ஏன் கூடுகிறது என்று இரண்டாயிரம் ஆண்டுகளாக வாதாடினார்கள். எவ்வளவு கூடுகிறது என்று அளக்க வழி இல்லை. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிற ஒன்றை எப்படி அளப்பது?

கலீலியோ விழுவதையே மெதுவாக்கினார்.

சரிவான பலகையில் வைத்த குண்டை அதன் முழு எடையும் கீழே இழுப்பதில்லை, ஒரு பங்குதான் இழுக்கிறது. இதைப் பைசாவில் இருந்தபோதே அவர் கணக்கிட்டு வைத்திருந்தார். பன்னிரண்டு முழ நீளப் பலகையின் ஒரு முனையை ஒரு முழம் உயர்த்தினால், இழுக்கும் விசை எடையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நேரே விழுந்தால் ஒன்றேகால் நொடிக்குள் முடிகிற தூரத்தை, இந்தச் சரிவில் உருளும் குண்டு கடக்க ஏறக்குறைய ஐந்து நொடி எடுத்துக்கொள்ளும். விழுவதும் உருளுவதும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை, விசையின் அளவுதான் வேறு என்று அவர் துணிந்தார். அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய துணிச்சல் தொலைநோக்கி அல்ல, இதுதான் என்பேன்.

ஏற்பாட்டை அவரே பிற்பாடு, 1638இல் லெய்டனில் அச்சான நூலில் விவரிக்கிறார். நீளமான மரச்சட்டம். அதன் நெடுக, விரல் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக ஒரு காடி. காடியை வழவழப்பாக இழைத்து, உள்ளே மெருகேற்றிய தோல்தாள் ஒட்டியிருக்கும். அதில் உருண்டது நன்றாகக் கடைந்த வெண்கலக் குண்டு. நேரத்துக்குத் தண்ணீர்! பெரிய பாத்திரத்தின் அடியில் மெல்லிய குழாய். குண்டு கிளம்பும்போது திறந்து, வந்து சேர்ந்ததும் மூடி, ஒழுகிய தண்ணீரைத் துல்லியமான தராசில் நிறுத்தார். தண்ணீரின் எடைதான் நேரம்.

ஃபிளாரன்ஸின் தேசிய நூலகத்தில் கலீலியோவின் கையெழுத்துத் தாள்கள் இருக்கின்றன. 1970களில் வரலாற்றாசிரியர் ஸ்டில்மன் டிரேக் அவற்றில் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தார். அதில் எண்களின் ஒரு வரிசை: 33, 130, 298, 526, 824, 1192, 1620, 2104. அடுத்தடுத்த சம நேரங்களின் முடிவில் குண்டு எட்டியிருந்த தூரங்கள் இவை என்றார் டிரேக். தண்ணீர்கூட வேண்டாம், சட்டத்தின் குறுக்கே நரம்புகளைக் கட்டி, குண்டு அவற்றைத் தட்டும் ஓசை தாளத்தோடு பொருந்தும்வரை நகர்த்தி நகர்த்தி வைத்திருப்பார் என்பது அவர் யூகம். மறுத்தவர்களும் உண்டு. ஆனால் கலீலியோவின் அப்பா லூட் என்னும் நரம்பு வாத்தியம் வாசித்தவர் என்பதை நினைத்தால், எனக்கு டிரேக் பக்கமே சாயத் தோன்றுகிறது.

எண்களுக்கு வருவோம். முதல் இடைவெளியில் குண்டு ஓடியது 33. அடுத்ததில் 97, அதற்கடுத்து 168, பிறகு 228. முதல் ஓட்டத்தைப்போல் கிட்டத்தட்ட 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்கு. மொத்தத் தூரமோ 1, 4, 9, 16 என்று ஏறுகிறது. தாளின் ஓரத்தில் அந்த எண்களும் 64 வரை வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. நேரம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு!

காடியின் தொடக்கம் முதல் முடிவுவரை குண்டை இழுத்த விசை துளியும் மாறவில்லை. வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. ஒரே விசை ஒரே வேகத்தைத்தான் தரும் என்று வகுப்பறைகளில் ஓதிவந்த பாடம், பதுவாவின் ஒரு பட்டறையில் உடைந்துவிட்டது.

1604 அக்டோபர் 16. வெனிஸில் இருந்த நண்பர், துறவி பாவ்லோ சார்ப்பிக்குக் கலீலியோ கடிதம் எழுதினார். கண்டறிந்த கணக்கைச் சொன்னார். கையோடு அதற்கான அடிப்படை விதியையும் சொன்னார்: கிளம்பிய இடத்திலிருந்து எவ்வளவு தூரம் கடந்திருக்கிறதோ, அந்த அளவுக்கே வேகமும் இருக்கும். இரண்டு பங்கு தூரம் கடந்தால் இரண்டு பங்கு வேகம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குண்டைக் கையிலிருந்து விடும் அந்தக் கணத்தை யோசியுங்கள். கடந்த தூரம் பூஜ்யம். ஆகவே வேகமும் பூஜ்யம். வேகம் இல்லாமல் தூரம் கடக்க முடியாது. தூரம் கடக்காமல் வேகம் வராது. கலீலியோ எழுதிக் கையெழுத்திட்ட விதிப்படி, அவருடைய குண்டு இருந்த இடத்தை விட்டு அசையவே முடியாது.

அளந்த எண்கள் சரி, சொன்ன காரணம் தவறு. அதிலிருந்து அவர் மீண்டது எப்படி என்பதை அடுத்த வாரம் சொல்கிறேன். அதற்குள் நீங்களும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, வேகத்தைத் தூரத்தோடு கட்டாமல் வேறு எதனோடு கட்டலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

(தொடரும்)