நாய்வரியும் மாத்தளைக் கிளர்ச்சியும்

1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சிக்கு உடனடித் தூண்டுதலாக அமைந்த வரிகளுள் நாய்வரியும் ஒன்று. வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இதனை ஒரு வாக்கியத்திற் கூறிக் கடந்துவிடுகின்றன. சில நூல்களில் இது நகைச்சுவைத் துணுக்காகவே எஞ்சுகின்றது. நாய்க்கடியால் உயிரிழப்பு நேரும்போதெல்லாம் நாயை வளர்ப்போரின் பொறுப்பைப் பற்றிப் பேசுகின்றோம். அப்பொறுப்பை அரசு யாரிடம், எந்நோக்குடன் கேட்டது என்பதை அறிய இவ்வரியினைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும்.

தேசாதிபதி டொறிங்டன் 1847இற் பதவியேற்றபோது கோப்பி விலை வீழ்ச்சியுற்றுத் திறைசேரி வறண்டிருந்தது. தோட்ட முதலாளிகளின் சுமையைக் குறைத்து, இழப்பைக் குடியானவர் தலையில் ஏற்றுவதே தெரிந்தெடுக்கப்பட்ட வழி. 1848 ஜூலை முதலாந் திகதி துப்பாக்கி, நாய், கடை, வண்டி முதலியவற்றின்மீது வரிகள் நடைமுறைக்கு வந்தன. துப்பாக்கிக்கு இரண்டரைச் சிலிங். நாயொன்றுக்கு ஒரு சிலிங். பெருந்தெருக் கட்டளைச் சட்டமோ ஆண்டுக்கு ஆறு நாள் உடலுழைப்பையோ மூன்று சிலிங்கையோ கோரிற்று. அத்தெருக்கள் யாருடைய கோப்பியைச் சுமந்தன என்பதைக் குடியானவருக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நாய்வரிக்கு ஓர் அறமும் கற்பிக்கப்பட்டது: ஊர்களிற் பெருகிய கட்டாக்காலி நாய்கள் குறையும் என்பதே அது. நோக்கம் தவறானதன்று. ஆனால் மாத்தளைச் சேனைப் பயிர்ச்செய்கையாளனுக்கு நாய் செல்லப்பிராணியுமன்று, கட்டாக்காலியுமன்று. இரவிற் பன்றியும் மானும் குரக்கனை அழிக்காமற் காத்தவை நாயும் துப்பாக்கியுமே. ஆகவே அவை அவனுடைய உற்பத்திக் கருவிகள். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் சேனை நிலத்தை முன்னரே நெருக்கிவிட்டது. எஞ்சிய சேனையைக் காக்கும் கருவிகளின்மீதே 1848இன் வரிகள் விழுந்தன. நாய்வரியைத் தனியே பிரித்து நோக்குவோர்க்கே அது வேடிக்கையாகத் தோன்றும்.

ஜூலை முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் கண்டியில் திரண்டு வரிகளை எதிர்த்தனர். ஜூலை 26இல் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். மாத்தளைக் கச்சேரி தாக்கப்பட்டு வரிப் பதிவேடுகள் அழிக்கப்பட்டன. மறுநாள் வாரியப்பொலவிற் படையினர் கிளர்ச்சியாளரைச் சிதறடித்தனர். ஆகஸ்ட் 8இல் புரான் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். கொங்காலேகொட பண்டாவுக்கு விதிக்கப்பட்ட மரணதண்டனை கசையடியாகவும் மலாக்காவுக்கு நாடுகடத்தலாகவும் மாற்றப்பட்டது. இராணுவச் சட்டத்தின் கொடுமைகள் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் விசாரிக்கப்பட, 1850இல் டொறிங்டன் திருப்பி அழைக்கப்பட்டான். முடியாட்சியை மீட்கும் பழைய கனவுக்குள் வர்க்கக் கோபம் அடைபட்டது இக்கிளர்ச்சியின் எல்லை. தம்புள்ளை வழியே நடந்துவந்து அதே மாவட்டத்திற் கோப்பி பறித்த தமிழ்த் தொழிலாளருக்கு அதில் இடமிருக்கவில்லை என்பதையும் மறைத்தலாகாது.

நாய்வரி நிலைக்கவில்லை, நாயைப் பதியும் எண்ணம் நிலைத்தது. விசர்நோய்க் கட்டளைச் சட்டம் 1893இலும், நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம் 1901இலும் வந்தன. இவற்றை வெறும் வரிச் சட்டங்களென ஒதுக்குதல் நேர்மையாகாது. இந்நாட்டில் நாய் மனிதனைக் கொல்வது பெரும்பாலும் பல்லினாலன்று, விசர்நோயினாலேயே. 1973இல் 370க்கு மேற்பட்டோர் அந்நோயால் மாண்டனர். 1975இல் தொடங்கிய தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் தடுப்பூசிகளும், கடியுண்டோர்க்கு அளிக்கப்படும் சிகிச்சையுமே பின்வந்த ஆண்டுகளில் இத்தொகையைச் சில பத்துகளாகத் தாழ்த்தின. அரசு பணம் கேட்டபோது நாய்கள் பெருகினவா குறைந்தனவா என்பது வேறு கதை. அரசு தடுப்பூசியுடன் ஊருக்குள் வந்தபோது மனிதர் பிழைத்தனர். கட்டாக்காலி நாய்களைக் கொல்வது 2006இற் கைவிடப்பட்டு, கருத்தடை முன்னிறுத்தப்பட்டது.

எனினும், பொறுப்புள்ள உரிமையாளன் என நாம் உருவகிக்கும் மனிதனுக்கு ஒரு மதிலும் படலையும் உண்டு. நாயைக் கட்டிவைக்க ஒரு முற்றம் உண்டு. தோட்டத்து லயத்திலோ வரிசையாய் ஒட்டிய அறைகளும் ஒரு பொது வாசலுமே உள்ளன. அங்கே ஒரு நாய் எவருடையது என்று கேட்டால், சோறு வைப்பவள் ஒருத்தியாகவும், அது காவல் காப்பது பத்துக் குடும்பங்களையாகவும் இருக்கும். கடித்தால் மட்டும் அதற்கு உரிமையாளர் இல்லை. தண்டனைச் சட்டக் கோவை கவனயீனமாக விலங்கு வைத்திருப்போரைத் தண்டிக்க இடமளிக்கின்றது. லயத்தில் அது யாரைப் பிடிக்கும்? பிள்ளைகள் விளையாடும் அவ்வாசலிற் கடியுண்பவரும் பெரும்பாலும் லயத்தவரே. பதிவேடு லயத்தை வந்தடையும்போது கையில் ஊசியுடன் வருகின்றதா, கட்டணச் சீட்டுடன் வருகின்றதா என்பதையே மாத்தளைத் தோட்டங்களில் முதலில் விசாரிக்க வேண்டியுள்ளது.