பரங்கிமலைச் சிலுவையும் பகைவர்க்கு இரங்கும் மரபும்

பெரும்பாக்கத்தில் 2022ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவன வளாகத்தினின்று வடக்கு நோக்கிச் செல்வோர்க்கு, நேர்த்தொலைவில் ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் பரங்கிமலை எதிர்ப்படும். அதன் உச்சியிலுள்ள கோயிலின் பலிபீடச் சுவரில் ஒரு கற்சிலுவை பதிக்கப்பெற்றுள்ளது. போர்த்துக்கேயர் 1547இல் அங்குக் கோயில் எடுக்க நிலம் அகழ்ந்தபோது கிடைத்தது அது. அச்சிலுவையில் அறையுண்டவரின் உருவம் இல்லை. மேலே ஒரு புறாவும், சுற்றிலும் வளைந்து செல்லும் ஒரு வரி எழுத்துமே உள்ளன. எழுத்தோ தமிழன்று, வடமொழியுமன்று. பாரசீகத்தின் பழைய மொழியாகிய பஹ்லவி. அவ்வரி கூறுவது யாது என்னும் வினா, சிலுவைச் சாவின் வரலாற்றில் பகைமைக்கும் மன்னிப்புக்கும் உள்ள இடத்தோடு நெருங்கிய தொடர்புடையது. ஆதலின் அதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் மூலவரலாற்றை நோக்குதல் வேண்டும். இயேசு சிலுவையில் அறையப்பட்டபோது, தம்மை அறைந்தவர் தாம் செய்வது இன்னதென அறியாராகலின் அவரைப் பொறுத்தருளுமாறு தந்தையை வேண்டினார் என்னும் செய்தி, நற்செய்தி நூல்கள் நான்கனுள் லூக்காவில் மட்டுமே காணப்படுகின்றது. அந்நூலின் ஏடுகளிலும் இது சீராக இல்லை. வத்திக்கான் ஏடு, 75ஆம் எண்ணுடைய பாப்பிரசு ஏடு முதலிய பழஞ்சுவடிகளில் அவ்வேண்டுதல் விடுபட்டுள்ளது. சினாய் ஏட்டில் முதலில் எழுதப்பெற்று, பின்னர்த் திருத்துவோன் ஒருவனால் நீக்கற்குறி இடப்பெற்று, மீண்டும் ஏற்கப்பெற்றுள்ளது. பிற்காலத்தார் சேர்த்தது என்பார் ஒரு சாரார். யூதர்பால் கசப்புற்ற எழுத்தாளர் அவர்க்கு மன்னிப்பு வேண்டும் தொடரைப் பொறாது நீக்கினர் என்பார் மற்றொரு சாரார். பின்னைய கருத்தே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. ஏனெனில், லூக்காவே இயற்றியதாகக் கொள்ளப்பெறும் அப்போஸ்தலர் பணிகள் என்னும் நூலில், மக்களும் அவர்தம் தலைவரும் அறியாமையாற் செய்தனர் எனப் பேதுரு எடுத்துரைக்கின்றார். கல்லெறியுண்டு இறக்கும் ஸ்தேவானும் எறிந்தவர்க்காக வேண்டுகின்றார். எனவே அவ்வேண்டுதல் அவ்வாசிரியர் நெஞ்சில் ஊன்றிய கருத்தேயாம். அங்ஙனமாகவும், அச்சாவின் பழியை ஓர் இனத்தின்மேல் ஏற்றும் வழக்கம் பல நூற்றாண்டு நிலவியது. அப்பழியை அக்கால யூதர் அனைவர் மேலும், இக்கால யூதர் மேலும் சுமத்தலாகாது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் விளங்க உரைத்தது 1965இல்தான்.

பகைவனைப் பொறுத்தல் தமிழ்நாட்டார்க்குப் புதிதன்று. குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றில் இதனைக் காட்டியுள்ளார். சுவடிக்கட்டில் மறைத்த கத்தியாற் குத்திய முத்தநாதனைத் தத்தன் வெட்டப்புகுந்தபோது, மன்னர் அவனைத் தடுத்து, பகைவனை ஊறின்றி ஊர் எல்லை கடத்திவிடச் செய்தார். அச்செய்தி கேட்குந்துணையும் உயிர் தாங்கியிருந்தார். ஆயினும் இவ்விரண்டும் ஒரு தன்மையன அல்ல. நாயனார் பொறுத்தது பகைவன் பூண்ட திருவேடத்தின் பொருட்டு. லூக்காவில் பொறுக்க வேண்டியது பகைவரின் அறியாமையின் பொருட்டு. இவ்வேறுபாட்டை உளங்கொள்ளாது இரண்டையும் ஒப்புமைப் பட்டியலில் அடைப்போர் இரண்டையும் குறைப்பவராவர்.

இனிப் பரங்கிமலைக்கு வருவாம். இம்மலையில் இயேசுவின் மாணாக்கராகிய தோமா கொலையுண்டார் என்பது நெடுநாள் மரபு. அவர் இந்நாட்டிற்கு வந்தாரா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. அவர் கொலையுண்ட கதை காலந்தோறும் எவ்வாறு மாறியது என்பதே பொருள்.

மிகப் பழைய வடிவம் 3ஆம் நூற்றாண்டளவில் சிரிய மொழியில் எழுந்த தோமா பணிகள் என்னும் நூலில் உள்ளது. அதில் இடம் மயிலாப்பூர் எனக் குறிக்கப்பெறவில்லை. மஸ்தாய் என்னும் அரசன் ஆணைப்படி வீரர் நால்வர் ஊர்ப்புறத்து மலையில் அவரை ஈட்டியாற் குத்துகின்றனர். அவரோ முதலில் இறைவனை வேண்டிப் பின், அரசன் ஏவியதை முடிமின் என வீரரை நோக்கிக் கூறுகின்றார். கதை அத்துடன் நிற்கவில்லை. நெடுநாட்குப் பின் அரசனின் மகன் பேய்பிடித்து வருந்த, தோமா அடக்கமான இடத்து மண் கொண்டு அவன் நலம் பெறுகின்றான். கொல்வித்த அரசனே அடியவரோடு கூடி, தனக்கு இரக்கம் கிட்ட வேண்டுமாறு அவரை இரக்கின்றான். பகைவன் பகைவனாகவே விடப்படாமை இவ்வடிவின் சிறப்பு.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாபாரைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ கேட்டறிந்த கதை வேறு. தோமா காட்டிலே தொழுதுகொண்டிருக்க, அவரைச் சூழ மயில்கள் மேய்ந்தன. மயிலைக் குறிவைத்த வேட்டுவன் ஒருவனின் அம்பு அவர்மேல் பாய்ந்தது. அவன் அவரைக் கண்டிலன். மயிலாப்பூர் என்னும் பெயரே இம்மயில்களைக் கதைக்குள் அழைத்துவந்தது போலும்! அது நிற்க, கொன்றவன் தான் செய்தது இன்னதென அறியான் என்பதை நோக்குக. லூக்காவின் வேண்டுதலில் அறியாமை என்பது உள்ளத்தின் இருள். இங்கே அது கண்ணின் பிழையாகவே ஆகிவிட்டது. வெறுப்புக்கே கதையில் இடமில்லை. கொலையுண்ட இடத்துச் செம்மண்ணைக் கிறித்தவர் காய்ச்சலுக்கு மருந்தாகக் கொண்டு சென்றனர் என்றும் அவர் எழுதுகின்றார். மஸ்தாயின் மகனைக் குணப்படுத்திய மண் ஈண்டு நினைவிற்கு வருகின்றது.

மயில் வேட்டைக் கதை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய துவார்த்தே பர்போசாவிடமும் உளது. ஆனால் அந்நூற்றாண்டிலேயே, பாரோசு முதலிய போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் எழுத்தில் வேட்டுவன் மறைகின்றான். பொறாமையுற்ற பிராமணர் தூண்டக் கல்லெறியும் ஈட்டிக்குத்தும் நிகழ்ந்தன எனக் கதை திரிகின்றது. அரசனும் அல்லன், அறியா வேட்டுவனும் அல்லன். இப்போது கொன்றவர் அயலில் வாழும் ஒரு வகுப்பார். யூதர்க்கு மேலைநாட்டில் நேர்ந்த அதே பழியேற்றம் இங்கே வேறு பெயரில் நேர்ந்தது என்பது எம் துணிபு. வந்து குடியேறிய ஓர் ஆட்சிக்குப் பகைவர் பெயர் தெரிந்த கதை வேண்டியிருந்தது போலும்.

அகழ்ந்தெடுத்த சிலுவையும் இதற்குச் சான்றாக்கப்பெற்றது. அதில் இரத்தக்கறை உண்டென்றனர். 1558 திசம்பர் 18ஆம் நாள் அது வியர்த்ததென்றனர். எழுத்தைப் படித்துக் கூறுமாறு வரவழைக்கப்பெற்ற உள்நாட்டு அறிஞர் ஒருவர், தோமா வந்ததும் குத்துண்டதும் அச்சிலுவை குருதியில் நனைந்ததும் அடங்கிய நீண்ட வாசகம் ஒன்றை உரைத்தார். ஒரு வரிக் கல்வெட்டில் இத்துணையும் அடங்குமாறு எங்ஙனம் என எவரும் வினவியதாகத் தெரியவில்லை.

1873இல் பர்னெல் அது பஹ்லவி எனத் தெளிவித்தார். சிலுவைத் தண்டனையில் மெய்யான மெசியாவுற்ற துன்பத்தை அது கூறுவதாக அவர் படித்தார். அந்நூற்றாண்டின் இறுதியில் வெஸ்ட் என்பார் பாடத்தை மாற்றி, அவரை மன்னிப்பவர் எனக் கூறும் சொல் அதில் உண்டென்றார். 1929இல் விங்க்வொர்த் புதிய பாடம் கண்டார்: சகர்புக்தின் மகனாகிய அப்ராஸ் என்னும் சிரியன் இதனைச் செதுக்கினான், ஆண்டவராகிய கிறிஸ்து அவனுக்கு இரங்குக என்பது அதன் கருத்து. 1970இல் கிராப் பெயரை வேறாகப் படித்தாரேனும், இரக்கம் வேண்டலே வரியின் பொருள் என்பதில் மாற்றமில்லை. கொலையும் இல்லை, கொன்றவரும் இல்லை. சிலுவையை நிறுவியவன் பகைவரை நினையாது தனக்கே இரக்கம் வேண்டுகின்றான், மஸ்தாய் வேண்டியது போல.

இவ்வரி பரங்கிமலைக்கே உரியதும் அன்று. கோட்டயம் வலியபள்ளியிலும், கடமற்றம், முட்டுச்சிறா ஆகிய ஊர்களிலும் உள்ள கற்சிலுவைகளில் இதே வாசகம் பொறிக்கப்பெற்றுள்ளது. தோமா அவ்வூர்களில் கொலையுண்டதாக எம்மரபும் கூறவில்லை.