குடியிருக்கிறவரே ஏலத்துல நின்னா?

ஒரு பழைய வீட்டை விலைக்குக் கேக்குறோம். கூரை எங்க ஒழுகும்னு தெரிஞ்சவர் அங்க குடியிருக்கிறவர் ஒருத்தர்தான். அவரே நமக்குப் போட்டியா விலை கேட்டா? 1988-ல் நியூயார்க்கின் கே.கே.ஆர். நிறுவனம் மாட்டிக்கிட்டது இப்படித்தான்.

வீடு, ஆர்.ஜே.ஆர். நபிஸ்கோ. வின்ஸ்டன், கேமல் சிகரெட் ஒரு பக்கம், ஓரியோ, ரிட்ஸ் பிஸ்கட் மறுபக்கம். (நல்ல ஜோடிப் பொருத்தம்!) அதன் தலைமை அதிகாரி ராஸ் ஜான்சன், பங்குக்கு 75 டாலர் கொடுத்து நானே வாங்கிக்கறேன்னு அக்டோபரில் அறிவிச்சார். சில நாளிலேயே கே.கே.ஆரின் ஹென்றி கிராவிஸ் 90 டாலர்னு உள்ளே குதிச்சார்.

பிரைவேட் ஈக்விட்டிக்காரங்க பணம் போடறதுக்கு முன்னாடி கம்பெனியைக் குடைஞ்சு பார்ப்பாங்க. 'ட்யூ டிலிஜென்ஸ்'னு பேரு. கணக்குப் புத்தகம் அதுல பாதிதான். யார் நிஜமா முடிவெடுக்கிறாங்க, யார் இல்லாட்டி வேலை நின்னுடும், எந்தச் செலவு வெறும் ஜம்பம், இதெல்லாம் உள்ளே இருக்கிறவங்க வாயிலிருந்துதான் வரணும். இங்கயோ தலைமையே எதிர் முகாம். மனசு திறந்து பேசுவாங்களா என்ன? வேற வழியில்லாம, கம்பெனியின் முன்னாள் தலைவர் பால் ஸ்டிக்ட்டை ஆலோசகரா பிடிச்சது கே.கே.ஆர்.

ஜம்பம் கண்ணுக்கே தெரிஞ்சது: 10 விமானம், 36 பைலட்டுகள். ஜான்சனோட நாய்கூட ஒருமுறை கம்பெனி விமானத்துல பறந்திருக்கு, பயணிகள் பட்டியல்ல மாத்துன பேரோட :-) ஆனா என்னைக் கேட்டா, விமானத்தை விட மோசம் 'லோடிங்'. விலை ஏத்தறதுக்கு முன்னாடி மொத்த வியாபாரிகள் தலையில சிகரெட்டைக் கட்டி, அதை இந்தக் காலாண்டு விற்பனைன்னு காட்டறது. தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்ச பழக்கம்தான். ஆனா நிறுத்துற வருஷம் விற்பனை படுத்துடும். கழுத்து வரைக்கும் கடன் வாங்கி வாங்கறவனுக்கு அது சின்ன விஷயமில்ல.

நவம்பர் 30 ராத்திரி கடைசி விலைகள்: ஜான்சன் 112, கே.கே.ஆர். 109. போர்டு 109-க்கே கொடுத்துச்சு! ரெண்டும் பெரும்பாலும் சம மதிப்புதான்னு ஆலோசகர்கள் சொல்லிட்டாங்க. அதுக்கு முன்னாடியே, ஜான்சன் கோஷ்டிக்குக் கிடைக்கப்போற கொழுத்த பங்கு பத்தி பத்திரிகையில வந்து நாறிடுச்சு. இத்தனை வருஷம் தாங்கள் தாங்கின ஆளையே போர்டு அப்பதான் சரியா எடை போட்டுச்சுன்னு எனக்குத் தோணும்.

மொத்தம் சுமார் 2,500 கோடி டாலர். 1989-ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸிலிருந்து லூ கெர்ஸ்ட்னர் வந்தார். விமானங்கள் பெரும்பாலும் விற்கப்பட்டன. லோடிங்கை நிறுத்தினாங்க, லாபம் அடி வாங்குச்சு. 1993-ல் மார்ல்பரோ விலையைக் குறைச்சப்போ இன்னொரு அடி. அதே வருஷம் கெர்ஸ்ட்னர் ஐ.பி.எம்.முக்குப் போயிட்டார். கிராவிஸ் தன் பங்குகளைக் கொடுத்து, பதிலுக்கு பால் பொருளும் பசையும் விக்கிற போர்டன் கம்பெனியை வாங்கி, 1995-ல் ஒருவழியா வெளியே வந்தார்.