உரோமப் பெயர்களுக்குள் மறைந்திருக்கும் மொழிகள்

சிசேரோ என்ற பெயரைக் கேட்டதும் செனற் சபையும் நாவன்மையும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அப்பெயரின் பொருள் என்னவோ கடலைதான். இலத்தீனில் 'கிகெர்' என்றால் கடலை. அவர் காலத்தவர் அவரைக் 'கிகெரோ' என்றே அழைத்தனர். முன்னோர் ஒருவரின் மூக்கு நுனியில் கடலையில் உள்ளதுபோல் ஒரு பிளவு இருந்ததாம். அதனால் வந்த பட்டப்பெயர் என்கிறார் புளூட்டார்க். அரசியலில் இறங்கும்போது இந்தப் பெயரை மாற்றிவிடுமாறு நண்பர்கள் கூறியும் சிசேரோ மறுத்துவிட்டார். சிசிலியில் பதவி வகித்த காலத்தில் தெய்வங்களுக்கு அளித்த வெள்ளிப் பாத்திரத்தில் 'மார்க்குஸ் துல்லியுஸ்' என்று எழுத்தில் பொறிக்கச் செய்து, மூன்றாவது பெயருக்குப் பதிலாக ஒரு கடலையின் உருவத்தைச் செதுக்கச் சொன்னாராம். இந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது அவரது சொற்பொழிவுகளால் அல்ல, இந்தக் கடலையால்தான்.

மார்க்குஸ் என்பது அவருக்கு இட்ட பெயர், துல்லியுஸ் குலப்பெயர், சிசேரோ குடும்பப் பட்டம். இட்ட பெயர்களில் உரோமர் காட்டிய சிக்கனம் வியப்பானது. குடியரசின் இறுதிக் காலத்தில் வழக்கிலிருந்த ஆண்பெயர்கள் இருபதைத் தாண்டா. குவிந்துஸ் என்றால் ஐந்தாமவன், செக்ஸ்துஸ் ஆறாமவன், தெக்கிமுஸ் பத்தாமவன். பெண்களுக்கு இந்தச் சிக்கனமும் மிஞ்சவில்லை. குலப்பெயரின் பெண்பால் வடிவமே அவர்கள் பெயர். யூலியஸ் சீசரின் சகோதரிகள் இருவருமே யூலியாக்கள்தான். மூத்தவள், இளையவள் என்றே வேறுபடுத்தினார்கள்.

பெயர்களைத் துருவிப் பார்க்கும்போது என்னை அதிகம் ஈர்ப்பது, அவற்றுள் இலத்தீன் அல்லாதவையும் கலந்திருப்பதே. உரோம் எழுந்தபோது இத்தாலி ஒருமொழி நாடாக இருக்கவில்லை. தென்பகுதி மலைநாட்டுச் சம்னைட்டுகள் பேசியது ஒஸ்கன் மொழி. அது இலத்தீனுக்கு உறவுமொழிதான். ஆனால் இலத்தீனில் 'க்வ' ஒலி வருமிடத்தில் அங்கே 'ப' ஒலி வரும். ஐந்து என்பதற்கு இலத்தீன் 'க்வின்க்வே' என்றால் ஒஸ்கன் 'பொம்பே' எனும். ஆகவே பொம்பேயுஸ் என்ற குலப்பெயரும் குவிந்துஸ் என்ற பெயரும் ஒரே ஐந்திலிருந்து பிறந்தவை. சீசரை எதிர்த்து நின்ற மாவீரர் பொம்பேயின் பெயருக்குள் இருப்பது உரோமரின் மொழியன்று.

நீரோவின் கதையும் இத்தகையதே. அது சபைன் மொழிச் சொல் என்றும், வலிமையும் ஊக்கமும் உடையவன் என்பது அதன் பொருள் என்றும் சுவெத்தோனியுஸ் எழுதுகிறார். கிரேக்கத்தில் ஆண்மகனைக் குறிக்கும் 'அனேர்', சமஸ்கிருதத்தின் 'நர' ஆகியவற்றுக்கு இது உறவுச்சொல். நாம் நரன் என்று சொல்லும்போதெல்லாம் நீரோவுக்கு மிக அருகில்தான் நிற்கிறோம்! அந்தச் சக்கரவர்த்தி பிறந்தபோது பெற்ற பட்டமோ அகெனோபார்புஸ், அதாவது வெண்கலத் தாடிக்காரன். கி.பி. 50இல் கிளாவுதியுஸ் தத்தெடுத்த பின்னரே நீரோ ஆனார்.

கி.மு. 91இல் இத்தாலிய மக்கள் உரோமுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். உரோமின் போர்களில் இரத்தம் சிந்தியும் குடியுரிமை மறுக்கப்பட்டமையே முக்கிய காரணம். அவர்கள் வெளியிட்ட நாணயம் ஒன்றில், உரோமின் சின்னமான ஓநாயை ஒரு காளை முட்டி மிதிக்கிறது. நாட்டின் பெயர் ஒஸ்கன் எழுத்தில் இருக்கிறது. உரோம் படையால் வென்றது. ஆனால் குடியுரிமையையும் கொடுத்தது. அதன் பின்னர் ஒஸ்கன் மொழி மெல்லமெல்ல அடங்கிப்போயிற்று. பொம்பெயி நகரச் சுவர் எழுத்துகளிலும் சில கல்வெட்டுகளிலும் எஞ்சியவை போக, அம்மொழி தங்கிய இடம் மனிதர்களின் பெயர்களே.

அப்படித் தங்கிய பெயர்களில் ஒன்றைக் கிறிஸ்தவ வாசகர்கள் விசுவாசப் பிரமாணத்தில் சொல்லிவருகிறார்கள். பொந்தியு பிலாத்து என்பதிலுள்ள பொந்தியுஸ், ஐந்திலிருந்தே வந்த ஒஸ்கன் குலப்பெயர். கி.மு. 321இல் கௌதியம் கணவாயில் உரோமப் படையை மடக்கி, ஆயுதம் களைந்து, நுகத்தடியின் கீழ் குனிந்து போகவைத்த சம்னைட் தளபதியின் பெயரும் காயுஸ் பொந்தியுஸ்தான். அதே குலப்பெயரைச் சுமந்த ஒருவர் மூன்றரை நூற்றாண்டின் பின் உரோமின் ஆளுநராக யூதேயாவில் அமர்ந்திருந்தார்.

1961இல் செசரியா நகரின் பழைய அரங்கில் படிக்கல்லாகக் கிடந்த ஒரு கல்லில் பிலாத்துவின் பெயர் கிடைத்தது. கல் உடைந்திருந்தது. குலப்பெயரின் கடைசி எழுத்துகளும் பிலாத்துஸ் என்ற பட்டமும் மட்டும் தப்பியிருந்தன. அவருக்கு இட்ட பெயர் அக்கல்லிலும் இல்லை, கிடைத்துள்ள வேறெந்தச் சான்றிலும் இல்லை.