ஒரு பூவன் தாரின் மூச்சு

திருச்சி மாவட்டம் தொட்டியம் பக்கத்துக் காவிரிக் கரையில் நட்ட பூவன் வாழைக்கன்று, தார் தர ஏறக்குறைய ஓராண்டு ஆகிறது. காற்றுக்குச் சாயாதபடி முட்டுக்கொடுத்து வளர்த்த மரம். காயின் வரம்புகள் மழுங்கி உருளத் தொடங்கியதும், பச்சையாக இருக்கும்போதே தாரை வெட்டுகிறார்கள். வெட்டுவாயில் பால் சொட்டுகிறது. சருகு பரப்பி அதன்மேல் கிடத்துகிறார்கள். இப்போது படும் அடி, பழுத்தபின் கறுப்பாகத் தெரியும்.

மரத்தை விட்டுப் பிரிந்தாலும் காய்க்கு உயிர் போவதில்லை. அது மூச்சு விடுகிறது. வேளை வந்ததும் தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது. அதை முடுக்கிவிடுவது எத்திலீன் வாயு. பழுக்கும் பழமே அதை வெளியிடுகிறது என்று 1934இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேன் ஆப்பிளில் காட்டினார். நம் மண்டிக்காரர்கள் அந்தப் பெயர் தெரியாமலே அதைக் கையாண்டார்கள்: அறையில் தார்களை அடுக்கி, மூட்டம் போட்டுக் கதவைச் சாத்தினார்கள். அந்தப் புகையில் எத்திலீன் உண்டு. இன்று பழுக்கவைக்கும் அறைகளில் அதே வாயுவை அளந்து விடுகிறார்கள். 100 பிபிஎம் வரை அனுமதி. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைக்கச் சட்டப்படி தடை.

மண்டியிலிருந்து ஒரு சீப்பு வீட்டுக்கு வருகிறது. இனி அதன் ஆயுள் நம் கையில்.

பாலிதீன் பையிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். கட்டிய பைக்குள் பழம் விட்ட வாயுவும் ஈரமும் அதையே சூழ்ந்துகொள்ளும். வெயிலும் அடுப்படி வெக்கையும் படாத இடத்தில் கொக்கியில் தொங்கவிட்டால் பழம் நசுங்காது. பக்கத்தில் ஆப்பிளோ மாம்பழமோ வேண்டாம்; அவையும் எத்திலீன் விடுபவை. அடிபட்ட பழத்தை முதலில் பிய்த்துத் தின்றுவிடுங்கள். காயம்பட்டது கூடுதலாக எத்திலீன் விட்டு மற்றதையும் வேகமாகப் பழுக்கவைக்கும்.

காயாக இருப்பதை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழைக்குக் குளிர் தாங்காது. தோல் கறுக்கும், வெளியே எடுத்த பிறகும் ஒழுங்காகப் பழுக்காது. நன்றாகப் பழுத்ததை வைக்கலாம். தோல் கறுத்தாலும் உள்ளே சதை இன்னும் சில நாள் தாங்கும்.

அந்தக் கறுப்பைக் கண்டதும் குப்பைக்கூடைக்குப் போகும் பழங்கள் எத்தனை! முட்டுக்கொடுத்துக் காத்த ஓராண்டு அப்படி முடியலாமா? ஒருமுறை உரித்துப் பாருங்கள். பூசணமோ கெட்ட வாடையோ இல்லையென்றால், பணியார மாவில் பிசைந்து விடுங்கள். பூவனின் புளிப்பு கலந்த இனிப்பு அதில் அப்படியே இறங்கும்.