பொட்டிபுரம் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தின் வரலாறு

தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில், தேவாரத்துக்கு அருகே அமைந்த சிற்றூர் பொட்டிபுரம். இவ்வூரை ஒட்டிய போடி மேற்கு மலைப்பகுதியில், மலையைக் குடைந்து அமைக்கத் திட்டமிடப்பட்டதே இந்திய நியூட்ரினோ ஆய்வகம் ஆகும்.

நியூட்ரினோ என்பது மின்னூட்டம் இல்லாத, மிகமிகச் சிறிய நிறை கொண்ட அடிப்படைத் துகள். சூரியனிலிருந்து மட்டும் ஒவ்வொரு விநாடியும் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் வழியே 6,000 கோடிக்கும் மேற்பட்ட நியூட்ரினோக்கள் கடந்து செல்கின்றன. அவை பிற பொருள்களோடு வினைபுரிவது மிக அரிது. அதனாலேயே ஒளி வெளிவர முடியாத இடத்திலிருந்தும் அவை செய்தி கொண்டுவருகின்றன. 1987 பிப்ரவரி 23 அன்று, பெரிய மகெல்லன் மேகத்தில் வெடித்த ஒரு விண்மீனிலிருந்து வந்த சுமார் 25 நியூட்ரினோக்கள் ஜப்பான், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய நாடுகளின் நிலத்தடிக் கருவிகளில் பதிவாயின. பெரிய விண்மீனின் மையம் சுருங்கி நியூட்ரான் விண்மீனாக மாறும்போது என்ன நிகழ்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் நேரடிச் சான்று இதுவே.

கருவியை நிலத்தடியில் வைப்பது ஏன்? விண்ணிலிருந்து ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்கள் நியூட்ரினோவின் தடத்தை மறைத்துவிடும். எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் பாறை சூழ்ந்திருந்தால் அவற்றில் ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒரு பங்கே உள்ளே வரும்.

இத்துறையில் இந்தியா முன்னோடி நாடு. 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களின் தடம் கண்டறியப்பட்டது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவை இணைந்து செய்த ஆய்வு அது. சுரங்கம் மூடப்பட்டதால் புதிய இடம் தேவைப்பட்டது.

முதலில் நீலகிரி மாவட்டத்தின் சிங்காரா தேர்ந்தெடுக்கப்பட்டது. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்ததால் 2009-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அதனை ஏற்கவில்லை. பின்னர் உறுதியான சார்னோகைட் பாறை கொண்ட போடி மேற்கு மலை தேர்வானது. 2011-இல் சுற்றுச்சூழல் அனுமதியும், 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் மத்திய அமைச்சரவையின் ஒப்புதலும் கிடைத்தன. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதையின் முடிவில் 50,000 டன் எடையுள்ள காந்தமேற்றிய இரும்புக் கருவியை நிறுவுவது திட்டம். மூவகை நியூட்ரினோக்களின் நிறை வரிசையை அறிவதே அதன் முதன்மை நோக்கம்.

பள்ளத்தாக்கு மக்களிடம் வேறு கேள்விகள் இருந்தன. பாறையை வெடிவைத்துத் தகர்த்தால் கிணறுகளும் ஊற்றுகளும் என்னாகும்? மேய்ச்சல் நிலம் மிஞ்சுமா? நியூட்ரினோவால் உடலுக்குத் தீங்கில்லை என்று அறிவியலாளர்கள் விளக்கினர். அது சரியே. ஆயினும் தண்ணீர், மலை, காடு பற்றிய கேள்விகளுக்கு அது விடையாகவில்லை.

2015-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவின்றிப் பணி தொடங்கத் தடை விதித்தது. கேரளத்தின் மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதைச் சுட்டி, 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018-இல் மீண்டும் அனுமதி வழங்கப்பட்டது. அதனை ஏற்ற தீர்ப்பாயம், தேசிய வனவுயிர் வாரியத்தின் ஒப்புதலும் தேவை என்றது. 2021-இல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் உருவானது. 2022 பிப்ரவரியில், மலையின் சூழலையும் புலிகளின் வழித்தடத்தையும் காட்டி, தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தது. பொட்டிபுரத்தில் சுரங்கம் வெட்டும் பணி தொடங்கவில்லை.

இதனால் இழப்பும் உண்டு. மதுரை வடபழஞ்சியில் 85 டன் எடையுள்ள சிறிய மாதிரிக் கருவி நிறுவப்பட்டு இயக்கப்பட்டது. பல இளம் ஆய்வாளர்கள் இத்திட்டத்தில் பயிற்சி பெற்றனர். நிறை வரிசையைத் தேடும் சீனாவின் ஜூனோ ஆய்வகமோ 2025-இல் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டது. கோலாரில் முந்திய நாடு இப்போது பின்தங்கி நிற்கிறது.

கோலாரில் ஆய்வாளர்கள் ஏற்கெனவே வெட்டிய சுரங்கத்தில் இறங்கினார்கள். பொட்டிபுரத்தில் வெட்டப்படாத மலையைக் கேட்டார்கள். அந்த மலையில் ஆடுமாடு மேய்ப்பவர்களுக்கும், அதன் அடிவாரக் கிணற்று நீரை நம்பியவர்களுக்கும், அதன் காட்டில் நடமாடும் விலங்குகளுக்கும் பங்கு உண்டு. பாறையின் உறுதியை முதலில் ஆராய்ந்ததுபோலவே, அவர்களின் கேள்விகளையும் முதலிலேயே கேட்டு, முறையான ஆய்வோடு விடை தந்திருக்க வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.