மணமேடையில் பெண்ணின் சொல்: மணமகள் சம்மதத்தின் வரலாறு

திருமண நாளன்று மணமகளைப் பார்த்து 'உனக்குச் சம்மதமா?' என்று கேட்கும் வழக்கம் தமிழர் எல்லாரிடமும் ஒன்றுபோல் இல்லை. கிறிஸ்தவத் திருமணத்தில் குருவானவர் கேட்கிறார். இஸ்லாமியத் திருமணத்தில் சாட்சிகளை வைத்துக் கேட்கிறார்கள். இந்துக்களின் மரபுவழிச் சடங்குகள் பெரும்பாலானவற்றில் அந்தக் கேள்வி பெண் பார்த்த அன்றோ நிச்சயதாம்பூலத்திலோ முடிந்துவிட்டதாகவே கொள்ளப்படுகிறது. முகூர்த்தக் காலையில் பெண்ணின் மனத்தில் தயக்கம் எழுந்தால் அதற்குச் சடங்கிலும் சட்டத்திலும் எவ்வளவு இடம் உண்டு என்பது காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது.

சங்க இலக்கியத்தில்

பழந்தமிழ் அக இலக்கணம் காதலை அடிப்படையாகக் கொண்டது. தலைவனும் தலைவியும் பிறர் அறியாமல் பழகுவது களவு. ஊரறிய மணந்து வாழ்வது கற்பு. பெண்ணைக் கொடுப்பதற்கு உரியவர்கள் கொடுக்க, கரணம் என்னும் சடங்கோடு கொள்வதே கற்பு என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. அடுத்த நூற்பாவிலேயே, தலைவி தலைவனோடு உடன்போக்காகச் சென்றுவிட்டால் கொடுப்பவர் இல்லாமலும் கரணம் நிகழலாம் என்கிறது. பெற்றோர் கொடுப்பது பொதுநெறி. பெண் தானே முடிவெடுத்துச் சென்றாலும் அது மணமாகவே ஏற்கப்பட்டது.

மணநாளின் நிகழ்ச்சிகளை அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்கள் விரித்துச் சொல்கின்றன. நல்லாவூர் கிழார் பாடிய 86ஆம் பாடலில் பந்தலிட்டு, புது மணல் பரப்பி, விளக்கேற்றி, உழுந்து சேர்த்துச் சமைத்த உணவை வந்தவர்க்கு இடுகிறார்கள். திங்களும் உரோகிணியும் கூடிய நல்ல நாளின் விடியற்காலையில், மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளைப் பூவும் நெல்லும் கலந்த நீரால் நீராட்டி வாழ்த்துகிறார்கள். 136ஆம் பாடலில் இறைச்சியோடு நெய்ச்சோறு விருந்து நடக்கிறது. மணமகளுக்கு வெண்ணூல் சூட்டப்படுகிறது. இரண்டிலும் வேள்வித் தீயும் இல்லை, புரோகிதரும் இல்லை.

86ஆம் பாடலின் பிற்பகுதி மணமகளின் அச்சத்தைக் காட்டுகிறது. அன்றிரவு தனியே விடப்பட்ட பெண் முதுகை வளைத்து, புதுப் புடவைக்குள் ஒடுங்கிக் கிடக்கிறாள். தலைவன் முகத்திரையை விலக்க, அஞ்சிப் பெருமூச்சு விடுகிறாள். உன் மனத்தில் இருப்பதை ஒளிக்காமல் சொல் என்று அவன் கேட்கிறான். மணநாளில் பெண்ணின் மனநிலை பற்றி எழுந்த கேள்வி பழந்தமிழ்ப் பாடலொன்றில் பதிவானது இவ்வாறுதான். ஆனால் கேட்பவன் கணவன். கேட்கும் நேரம் மணம் முடிந்த பிறகு.

சிலப்பதிகாரத்தில் காட்சி மாறுகிறது. கண்ணகிக்கு வயது 12, கோவலனுக்கு 16. பெற்றோர் நாள் குறிக்கிறார்கள். யானை மேல் மகளிரை ஏற்றி ஊருக்கு அறிவிக்கிறார்கள். முதிய பார்ப்பனர் சடங்கு நடத்த மணமக்கள் தீவலம் வருகிறார்கள். மணப்பெண் பேசியதாகவோ அவளைக் கேட்டதாகவோ அந்தக் காதையில் ஒரு சொல்லும் இல்லை.

கன்னிகாதானமும் கெட்டிமேளமும்

வைதிகச் சடங்கின் மையம் கன்னிகாதானம். தானம் கொடுப்பவர் தந்தை, வாங்கிக்கொள்பவர் மணமகன். அப்போது இரு குலங்களின் கோத்திரமும் மூன்று தலைமுறைப் பெயர்களும் உரக்கச் சொல்லப்படுகின்றன: இன்னாருடைய கொள்ளுப்பேத்தி, இன்னாருடைய பேத்தி, இன்னாருடைய மகள் என்று. பிறகு தாரை வார்த்துக் கொடுக்கிறார்கள். பிராமணத் திருமணங்களில் மணப்பெண் தந்தையின் மடியில் அமர்ந்திருக்கும்போதே தாலி கட்டப்படுவதும் உண்டு. மந்திரங்கள் ஏறத்தாழ அனைத்தையும் சொல்பவர் மணமகன். பொரியிடும் சடங்கில் உடன்பிறந்தவன் பெண்ணின் கையில் பொரியைப் போட, அவள் அதைத் தீயில் இடுகிறாள். 'என் கணவன் நீண்டகாலம் வாழ வேண்டும் என்று இந்தப் பெண் வேண்டுகிறாள்' என்னும் பொருளுடைய மந்திரத்தையும் அவள் சார்பில் மணமகனே சொல்கிறான்.

புரோகிதர் இல்லாத திருமணங்களும் பல சாதியாரிடம் இருந்தன. கொங்கு வேளாளரிடம் அருமைக்காரர் என்னும் பெரியவரே சடங்குகளை நடத்தி வைப்பார். பல சமூகங்களில் பரிசம் போடுவதும் வெற்றிலை பாக்கு மாற்றுவதும் மணத்தை உறுதிசெய்யும் செயல்கள். அங்கும் பேச்சு இரு வீட்டுப் பெரியவர்களுக்கு இடையே நடந்தது. மாமன் மகள், அத்தை மகன், சில சாதிகளில் அக்காள் மகள் என்று முறை ஏற்கெனவே வகுக்கப்பட்டிருந்ததால், பெண்ணைக் கேட்பது தேவையற்றதாகவே எண்ணப்பட்டது. தாய்மாமன் வீட்டாரின் உரிமையைத் தட்டிக்கழித்தால்தான் வழக்கு எழும்.

தாலி கட்டும் நேரத்தில் 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்று குரல் எழும். தவிலும் நாகசுரமும் உச்சத்தில் ஒலிக்க, அட்சதை விழ, மணமகன் முதல் முடிச்சைப் போடுவான். மற்ற முடிச்சுகளை நாத்தனார் போடுவது பல குடும்பங்களில் வழக்கம். தும்மலோ அபசகுனச் சொல்லோ காதில் விழாமல் இருக்கவே இந்த மேளம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். மணப்பெண்ணின் கண்ணீரும் தலைகுனிவும் பிறந்த வீட்டைப் பிரியும் துயரமாகவோ நாணமாகவோ கொள்ளப்பட்டதால், மறுப்பு இருந்தாலும் அதைத் தனியே அடையாளம் காண வழி இருக்கவில்லை.

கேள்வி கேட்கும் சமயங்கள்

கத்தோலிக்கத் திருச்சபை, மணமக்களின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது என்ற கொள்கை உடையது. 1563இல் திரெந்து பொதுச்சங்கம், பங்குக் குருவும் சாட்சிகளும் முன்னிலையில் சம்மதம் தெரிவிக்கப்பட வேண்டும் என்றும், திருமண அறிவிப்பை முன்கூட்டியே மூன்று முறை கோயிலில் வாசிக்க வேண்டும் என்றும் விதித்தது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் இதை 'ஓலை வாசித்தல்' என்கிறார்கள். தடை ஏதேனும் தெரிந்தவர்கள் சொல்வதற்கான அவகாசம் அது. மணநாளில் குரு இருவரையும் தனித்தனியே கேட்க, சம்மதம் என்று சபையோர் காதில் விழும்படி இருவரும் சொல்ல வேண்டும். தாலி கட்டும் தமிழ் வழக்கம் இதனோடு சேர்ந்து நீடித்தது.

இஸ்லாத்தில் நிக்காஹ் ஓர் ஒப்பந்தம். ஒருவர் முன்மொழிய, மற்றவர் ஏற்க, சாட்சிகள் இருக்க வேண்டும். மணமகன் தரும் மஹர் தொகை பெண்ணுக்கு உரியது. பெண்ணின் பொறுப்பாளரோ அவர் சார்பில் வருபவரோ சாட்சிகளோடு பெண் இருக்கும் அறைக்குச் சென்று, மணமகன் பெயரையும் மஹரையும் சொல்லி ஒப்புதல் பெற்று, பிறகு சபைக்கு வருவது வழக்கம். கன்னிப்பெண்ணின் மௌனமே சம்மதம் என்ற விதியும் உண்டு. அதனால் நடைமுறையில் கேள்வி கேட்கப்பட்டாலும் விடை கேட்கப்படாமல் போன இடங்களும் இருந்தன.

குழந்தை மணமும் ஒரு மறுப்பும்

பூப்புக்கு முன்பே பெண்ணை மணம் செய்துகொடுக்க வேண்டும் என்ற விதி பிராமணரிடையே இறுகியிருந்த காலத்தில் சம்மதம் என்ற பேச்சுக்கே பொருள் இருக்கவில்லை. 1897இல் சுப்பிரமணிய பாரதிக்கு மணமானபோது செல்லம்மாவுக்கு வயது 7. 1909இல் கணித மேதை இராமானுஜனை மணந்தபோது ஜானகிக்கு வயது 10. பின்னாளில் கைம்பெண்களுக்குக் கல்வி இல்லம் நடத்திய சகோதரி சுப்பலட்சுமி சிறுமியாக மணமாகி, விரைவிலேயே கணவனை இழந்தவர். 1903இல் அ. மாதவையா எழுதிய 'முத்துமீனாட்சி' நாவல் குழந்தை மணத்தின் துன்பத்தைப் பெண் ஒருத்தியின் கூற்றாகவே சொல்லியது.

இப்படி மணமான சிறுமி ஒருத்தி வளர்ந்து, இந்த மணத்துக்கு நான் ஒப்பவில்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்ற கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது பம்பாய் வழக்கு ஒன்று. ருக்மாபாய்க்கு 11 வயதில் தாதாஜி பிகாஜியோடு மணமாயிற்று. அவர் தாய்வீட்டிலேயே வளர்ந்து, படித்து, கணவனோடு வாழ மறுத்தார். 1884இல் கணவன் வழக்குத் தொடுத்தார். அறியாத வயதில் நடந்த மணத்தைக் காட்டி, விருப்பமில்லாத பெண்ணைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1885இல் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. 1887இல் கணவனிடம் போக வேண்டும், இல்லையேல் ஆறு மாதம் வரை சிறை என்று ஆணை வந்தது. சிறைக்கே போகிறேன் என்றார் ருக்மாபாய். 1888இல் 2,000 ரூபாய் கொடுத்துச் சமரசம் செய்யப்பட்டது. பிறகு இங்கிலாந்தில் மருத்துவம் படித்துத் திரும்பிய அவர் சூரத்திலும் ராஜ்கோட்டிலும் மருத்துவராகப் பணியாற்றினார். இத்தகைய ஆணையை மீறும் மனைவியைச் சிறையில் அடைக்கும் விதி 1923இல் நீக்கப்பட்டது.

வயதுச் சட்டங்கள்

சட்டம் முதலில் கைவைத்தது வயதில். 1891ஆம் ஆண்டுச் சட்டம், மனைவியாக இருந்தாலும் உடலுறவுக்கான குறைந்தபட்ச வயதை 10இலிருந்து 12ஆக உயர்த்தியது. சென்னைச் சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி மணவயதை உயர்த்தக் குரல் கொடுத்தார். 1929இல் ஹர்பிலாஸ் சாரதா கொண்டுவந்த சட்டம் பெண்ணின் மணவயதை 14 என்றும் ஆணின் மணவயதை 18 என்றும் நிர்ணயித்து, 1930 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே அவசர அவசரமாகப் பல திருமணங்கள் நடந்தன. சட்டத்தை மீறினால் தண்டனை உண்டே தவிர நடந்த மணம் செல்லும். மணவயது 1949இல் பெண்ணுக்கு 15ஆகவும், 1978இல் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகவும் உயர்ந்தது.

1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் முதல் வடிவில் ஒரு முரண் இருந்தது. 18 வயது நிரம்பாத மணமகளுக்கு அவளுடைய பாதுகாவலரின் சம்மதம் வேண்டும் என்று நிபந்தனை விதித்து, தந்தை முதல் தாய்மாமன் வரை யார் யார் அந்தச் சம்மதத்தைத் தரலாம் என்று வரிசையும் கொடுத்தது. மணமகளின் சொந்தச் சம்மதம் தனி நிபந்தனையாக அதில் இடம்பெறவில்லை. வற்புறுத்தியோ ஏமாற்றியோ பெறப்பட்ட சம்மதமானால் மணத்தை ரத்து செய்யக் கோரலாம் என்ற அளவில்தான் அது வந்தது. பாதுகாவலர் விதி 1978இல் நீங்கியது.

சுயமரியாதைத் திருமணம்

மணப்பெண் தன் வாயால் சொல்லும் சொல்லைத் தமிழ்நாட்டு இந்துத் திருமணத்துக்குள் கொண்டுவந்தது சுயமரியாதை இயக்கம். 1920களின் பிற்பகுதி முதல் பெரியார் ஈ.வெ. ராமசாமி தலைமையில் புரோகிதரும் வேள்வித் தீயும் இல்லாத திருமணங்கள் நடந்தன. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு பெண்ணின் மணவயது, சொத்துரிமை, மணவிலக்கு பற்றித் தீர்மானங்கள் நிறைவேற்றியது. அழைப்பிதழில் 'வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழா' என்று அச்சடித்தார்கள். ஒப்பந்தம் என்றால் இரு தரப்பும் பேச வேண்டும்: இன்னாரை என் வாழ்க்கைத் துணையாக ஏற்கிறேன் என்று மணமகன் சொல்ல, மணமகளும் அவ்வாறே உறுதிமொழி சொல்லி, இருவரும் மாலை மாற்றிக்கொள்வார்கள். கைம்பெண் மணமும் சாதி மறுப்பு மணமும் இம்முறையில் நடந்தன. ராகு காலத்தில் நடத்தியவர்களும் உண்டு.

இந்த மணங்கள் சாத்திரத்திலும் இல்லை, தொன்றுதொட்ட வழக்கமும் இல்லை என்பதால் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணாவின் அரசு, இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு எவரேனும் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்வது, மாலை மாற்றுவது, மோதிரம் அணிவிப்பது, தாலி கட்டுவது ஆகியவற்றுள் எது நடந்தாலும் மணம் செல்லும். முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கும் இது பொருந்தியது. ஊர்கூட்டி நடத்தாத சுயமரியாதைத் திருமணமும் செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

இன்றைய நிலை

நிச்சயதார்த்தம் திருமணம் ஆகாது. மணக்க வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் ஒருவருக்குக் கட்டளையிட முடியாது. ஏழடி எடுத்துவைக்கும் சடங்கு உள்ளவர்களுக்கு ஏழாவது அடியில்தான் மணம் முழுமையடைகிறது என்கிறது 1955ஆம் ஆண்டுச் சட்டம். எனவே மேடை ஏறிய பிறகும், சடங்கு முடியும் வரை மறுக்கும் பெண் யாருடைய மனைவியும் அல்லள். 15 வயதுக்குள் மணம் செய்விக்கப்பட்டவள் 18 நிரம்பும் முன் அதை மறுத்து மணவிலக்குக் கோரும் உரிமை 1976இல் வந்தது. 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், அத்தகைய மணத்தை ரத்து செய்யக் கோரும் உரிமையை மணம் செய்விக்கப்பட்ட குழந்தைக்கே தந்தது. வயது வந்த இருவர் இசைந்த மணத்துக்குக் குடும்பத்தின் ஒப்புதலோ சாதியின் ஒப்புதலோ தேவையில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணப்பவர்கள் அலுவலர் முன்னும் மூன்று சாட்சிகள் முன்னும் தம் வாயால் ஏற்புரை சொல்லியாக வேண்டும். மரபுவழி இந்துச் சடங்கில் அத்தகைய கட்டாயம் இன்றும் இல்லை. தமிழ்நாட்டில் 7ஏ பிரிவின்படி தாலி கட்டும் செயலே போதும். 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் எல்லாச் சமயத்தாருக்கும் பதிவைக் கட்டாயமாக்கியிருப்பதால், விண்ணப்பத்தில் மணமகள் தன் கையால் ஒப்பமிடுகிறாள். ஆயினும் அந்த ஒப்பம் மணம் முடிந்த பிறகு இடுவது. அதற்கு முன்னால் அவளைக் கேட்பது இன்னமும் குடும்பத்தின் பொறுப்பாகவே விடப்பட்டிருக்கிறது.